மாட்டின் வலியும் மருந்துப் பிளாஸ்திரியும்

ஊரில் இளமையைக் கழித்துவிட்டு இன்று டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மில் பலருக்கு ஒரு காட்சி மறந்திராது. களத்து மேட்டில் காளையைக் கயிறு கட்டிச் சாய்ப்பார்கள். நால்வர் கால்களைப் பிடித்துக்கொள்வர்; ஒருவர் கொம்பை அழுத்திக்கொண்டு தலைமாட்டில் உட்காருவார். காயடிப்பதற்காக இருக்கலாம், மூக்குக் குத்துவதற்காக இருக்கலாம், ஏதோ ஒரு நோய்க்குச் சூடு போடுவதற்காகவும் இருக்கலாம். வேலை முடிந்ததும் கட்டை அவிழ்ப்பார்கள். காளை எழுந்து உடம்பை உதறும். சற்று நேரத்தில் வைக்கோலில் வாய் வைக்கும். "பார், அதற்கு ஒன்றும் இல்லை" என்பார் பெரியவர். சிறுவர்களாகிய நாமும் அதை நம்பினோம்.

உண்மை வேறு. மாடும் ஆடும், புலியும் ஓநாயும் திரிந்த வெளிகளில் கூட்டமாக மேய்ந்த இனங்களின் வழி வந்தவை. கூட்டத்தில் எது நொண்டுகிறதோ, எது முனகுகிறதோ, அதுவே முதலில் இரையாகும். ஆகவே வலியை வெளிக்காட்டாதிருப்பது இவ்வினங்களின் இயல்பாயிற்று. வலி இல்லை என்பதன்று. நமக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதே சரி. உற்றுப் பார்ப்பவருக்கு அடையாளங்கள் உண்டு. அசைபோடுவது குறையும், காதுகள் பின்னுக்குச் சாயும், முதுகு வளையும், தலை தாழும், சில மாடுகள் பல்லை நறநறவென்று கடிக்கும். டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் 2015-ஆம் ஆண்டில் இத்தகைய குறிகளுக்கு மதிப்பெண் இட்டு, ஒரு பசுவின் வலியை அளக்கும் அளவுகோல் ஒன்றையே வகுத்து வெளியிட்டனர். நம் ஊர் மாட்டுக்காரர் பலர் இவற்றில் பாதியையாவது அனுபவத்தில் அறிவர் என்பதையும் சொல்லவேண்டும். பல்லைக் கடிக்கும் மாட்டை அவர்கள் லேசாக எண்ணுவதில்லை.

2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் பசுவும் காளையுமாக ஏறத்தாழ 19 கோடியே 25 லட்சம். எருமைகள் ஏறத்தாழ 11 கோடி. குளம்பழுகல், மடிநோய், கோமாரி, கன்று ஈனும்போது நேரும் துன்பம், கொம்பு தீய்த்தல், காயடித்தல் என இவற்றுக்கு வலி வரும் வழிகள் பல. வலி தணிக்கும் மருந்துகளும் இல்லாமல் இல்லை. இருப்பினும் அவற்றுள் பெரும்பாலானவை ஊசியின் வழியே செல்பவை. ஊசி போட மாட்டைப் பிடிக்கவேண்டும், கட்டவேண்டும். குத்திய இடத்தில் தசை புண்படும். மருந்தின் வேகம் சில மணி நேரத்தில் அடங்கிவிட்டால் மறுபடியும் பிடிக்கவேண்டும், மறுபடியும் குத்தவேண்டும். மருத்துவர் ஒருமுறை வந்து போவதே அரிதான சிற்றூரில் மூன்று நாளைக்கு மூன்று ஊசி என்பது ஏட்டளவில் நிற்கும் யோசனை. மனிதருக்கு ஒட்டுகிறோமே, அதுபோல ஒரு மருந்துப் பிளாஸ்திரியை மாட்டின் தோலில் ஒட்டிவிட்டால் என்ன? மூன்று நாளும் அது தானே மருந்தைக் கசிய விட்டுக்கொண்டிராதா? இந்தக் கேள்வியே நம் பேச்சுக்குப் பொருள்.

தோலில் மருந்து இடுவது நமக்குப் புதிதன்று. சுளுக்குக்குப் பற்றுப் போடுவோம், வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுப்போம், நோவெண்ணெய் தேய்ப்போம். ஆனால் பற்றுக்கும் நாம் பேசும் பிளாஸ்திரிக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. பற்று, இட்ட இடத்தில் வேலை செய்வது. முழங்காலில் வலி என்றால் முழங்காலில் போடவேண்டும். பிளாஸ்திரியோ தோளில் ஒட்டினாலும் காலின் வலியைத் தணிக்கும். ஏனெனில் மருந்து தோலைக் கடந்து, நுண்ணிய ரத்தக் குழாய்களில் கலந்து, உடல் முழுவதும் செல்கிறது. தோல் இங்கே மருந்தின் இலக்கு அன்று, வாயில்.

அந்த வாயிலோ எளிதில் திறப்பதன்று. தோலின் மேற்பரப்பில் செத்த உயிரணுக்கள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்ட ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. மனிதரிடத்தில் இதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கே. சுவரில் செங்கல் அடுக்கிச் சாந்து பூசுவதுபோல இந்த உயிரணுக்களுக்கு இடையே கொழுப்புப் பொருள் நிரம்பியிருக்கிறது. மழை உள்ளே வராமலும், உடலின் ஈரம் வெளியே போகாமலும் காப்பது இதுவே. இதைக் கடக்கவேண்டுமானால் மருந்தின் மூலக்கூறு சிறிதாக இருக்கவேண்டும்; கொழுப்பில் கரையவேண்டும்; பின் உள்ளே உள்ள நீர்ப்பாங்கான பகுதியிலும் ஓரளவு கரையவேண்டும். இவற்றோடு நான்காவது நிபந்தனை ஒன்று உண்டு. மாட்டைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விடக் கடினமானது அதுதான். மிகச் சிறிய அளவிலேயே பலன் தரும் மருந்தாக அது இருக்கவேண்டும்.

பயணத்தில் வரும் குமட்டலைத் தடுக்க ஸ்கோபாலமின் என்ற மருந்தைக் காதின் பின்புறம் ஒட்டும் பிளாஸ்திரிக்கு அமெரிக்காவில் 1979-ல் அனுமதி கிடைத்தது. மனிதருக்கான இத்தகைய பிளாஸ்திரிகளுள் முன்னோடி அது. கடும் வலிக்கான பென்டனில் என்ற மருந்தின் பிளாஸ்திரி அங்கே 1990-ல் வந்தது. புற்றுநோயாளிகள் பலருக்கு அது பெரிய ஆறுதல். அமைப்பு எளியது. வெளிப்புறம் மருந்து ஆவியாகாமல் காக்கும் ஓர் உறை; அதன் உள்ளே மருந்து; சிலவற்றில் மருந்து எவ்வளவு வேகத்தில் வெளியேறலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் ஒரு சவ்வு; கடைசியாகப் பசை. ஒட்டியவுடன் பலன் தெரியாது. மருந்து முதலில் தோலிலேயே தேங்கி, அங்கிருந்து மெல்ல மெல்ல ரத்தத்துக்குச் செல்லும். பிரித்து எறிந்த பின்னும் தோலில் தேங்கியது சிறிது நேரம் கசிந்துகொண்டிருக்கும்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பென்டனில் பிளாஸ்திரிகளில் வழக்கமான ஓர் அளவு மணிக்கு 25 மைக்ரோகிராம் மருந்தை விடுவது. ஒரு நாளைக்கு 600 மைக்ரோகிராம். அதாவது ஒரு மில்லிகிராமில் 10-ல் 6 பங்கு. இதுவே ஒரு மனிதனின் கடும் வலியைத் தணிக்கப் பயன்படுகிறது. அவ்வளவு வீரியமான மருந்து அது. மாடுகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மெலாக்சிகாம் என்ற மருந்தோ, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு அரை மில்லிகிராம் தேவை. 400 கிலோ எடையுள்ள பசுவுக்கு 200 மில்லிகிராம். முன் சொன்ன பிளாஸ்திரி ஒரு நாளில் தோலைக் கடத்தும் அளவைப்போல இது 300 மடங்குக்கும் மேல். அத்தனையும் உள்ளங்கை அகலமுள்ள ஒரு தோற்பரப்பைக் கடந்து போகாது. வேண்டுமானால் பசுவின் முதுகு முழுவதையும் பிளாஸ்திரியால் போர்த்தவேண்டியிருக்கும். யானைக்குக் கவளம் ஊட்டும் இடத்தில் பூனைக்குப் பாலூட்டும் சங்கை வைத்துக்கொண்டு நிற்பது போன்ற நிலை இது.

கணக்கு ஒருபுறம் இருக்க, மாட்டின் உடம்பும் பிளாஸ்திரிக்கு இணங்கி வருவதில்லை. மயிரைச் சிரைத்தால்தான் பசை பிடிக்கும். சேற்றில் புரளும் எருமையை எண்ணிப் பாருங்கள். தினவெடுத்தால் மாடு கம்பத்தில் உராயும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாடு தன்னையும் நக்கும், பக்கத்து மாட்டையும் நக்கும். உண்ணி, புழுக்களை ஒழிக்க முதுகில் ஊற்றும் மருந்துகளை ஆராய்ந்தவர்கள், அம்மருந்தில் கணிசமான பகுதி தோல் வழியாக அல்லாமல் நாக்கின் வழியாகவே உடலுக்குள் போவதைக் கண்டனர். மருந்து இட்ட மாட்டுக்குக் குறைந்தும், இடாத மாட்டுக்குச் சேர்ந்தும் போய்விடலாம் என்பது இதன் பொருள்.

வீரியமான பென்டனிலையே பயன்படுத்தினால் என்ன என்று கேட்கலாம். பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். எலும்பு அறுவை ஆராய்ச்சிகளில் செம்மறியாடுகளுக்கு மனிதருக்கான பென்டனில் பிளாஸ்திரியை ஒட்டி, துணியால் சுற்றிக் கட்டி, வலியைத் தணித்தனர். பலன் தெரியப் பல மணி நேரம் ஆகுமாகையால், அறுவைக்கு முன்னதாகவே ஒட்டிவிடவேண்டும். ஒரே அளவு ஒட்டினாலும் ஓர் ஆட்டின் ரத்தத்தில் சேரும் அளவு மற்றோர் ஆட்டில் சேர்வதில்லை. ஆராய்ச்சிக் கூடத்தில் இதையெல்லாம் கண்காணிக்க ஆள் உண்டு. தெருவில் திரியும் மாட்டிலோ, பட்டியில் அடைத்த ஆட்டிலோ இது நடவாது. பயன்படுத்திக் கழற்றிய பிளாஸ்திரியிலும் மருந்தில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். கீழே விழுந்ததை ஒரு குழந்தை எடுத்து வாயில் வைத்தால் உயிருக்கே ஆபத்து. மனிதருக்கான பிளாஸ்திரிகளாலேயே மேல்நாடுகளில் இவ்வாறு குழந்தைகள் இறந்ததுண்டு. நம் நாட்டில் பென்டனில் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. அது அவ்வாறே இருப்பது நல்லது. தொழுவத்துக்கு ஏற்ற மருந்து அதுவன்று என்பதே நம் கருத்து.

பிளாஸ்திரி ஒட்டாது என்று கண்டவர்கள், பிளாஸ்திரி இல்லாமலே தோல் வழியாக மருந்தைச் செலுத்தும் வழியைத் தேடினர். 2017-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில் புளூனிக்சின் என்ற வலி தணிப்பு மருந்தின் ஒரு திரவத்துக்கு அனுமதி கிடைத்தது. மாட்டின் திமிலருகே தொடங்கி வாலடி வரை, முதுகுத் தண்டின் நெடுக அதை ஊற்றிக்கொண்டே போகவேண்டும்; அவ்வளவுதான். கிலோவுக்கு 3.3 மில்லிகிராம் வீதம் ஒரே ஒரு தடவை. நம் 400 கிலோ பசுவுக்கு இது 1,320 மில்லிகிராம் ஆகிறது. கையளவு பிளாஸ்திரியால் முடியாததை இங்கே முதுகின் நீளம் செய்கிறது. குளம்பழுகலால் வரும் வலியைக் கட்டுப்படுத்த என்று அனுமதி பெற்ற இம்மருந்துதான், உணவுக்கான பிராணி ஒன்றின் வலிக்கென்றே அந்நாட்டில் அனுமதிக்கப்பட்ட முதல் மருந்து. 2017 வரை அப்படி ஒன்றுகூட இருந்ததில்லை என்பதை நேயர்கள் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம். அத்தனை செல்வமும் அத்தனை மாடும் உள்ள நாடு அது.

ஊற்றும் மருந்து குறையற்றதன்று. ஊற்றியதில் ஏறத்தாழப் பாதியே உடலில் சேர்கிறது. மழையில் நனைந்த மாட்டுக்கு ஊற்றக்கூடாது. கொம்பு தீய்த்த கன்றுகளில் இதைச் சோதித்தபோது, உடல் அலைக்கழிவதைக் காட்டும் சுரப்பு ரத்தத்தில் சிறிது குறைந்தது; ஆயினும் காயத்தைச் சுற்றித் தொட்டால் தெரியும் வலி அப்படியே இருந்தது. குளம்பு வலிக்குப் போதுமானது, சுட்ட காயத்துக்குப் போதவில்லை. மருந்து ஊற்றிய மாட்டின் இறைச்சியை 8 நாள் வரை உணவுக்கு எடுத்தல் ஆகாது என்பது அங்குள்ள விதி. பாலுக்கும் தனியாக ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. தோலில் பூசியதுதானே என்று எண்ணிவிடக் கூடாது. தோலைக் கடந்தது ரத்தத்திலும் மடியிலும் தசையிலும் சேரத்தான் செய்யும்.

மாட்டின் உடலில் சேர்ந்த மருந்து மாட்டோடு முடிந்துவிடுகிறதா? நம் நாட்டில் இக்கேள்விக்கு விடை தெரியாமற்போனதால் பெரிய விலை கொடுத்தோம். டில்லி வாழ் நேயர்களில் நடு வயதைக் கடந்தவர்கள் யமுனைக் கரையிலும் நகரின் குப்பை மேடுகளிலும் கழுகுகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருப்பர். மும்பையில் உள்ளவர்கள், பார்சி மக்கள் தம் இறந்தோரைக் கழுகுகளுக்கு ஒப்படைக்கும் மௌன கோபுரங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பர். பாறு என்பது இப்பறவைக்குத் தமிழில் உள்ள பழைய பெயர். 1990-களில் இவை மாயமாக மறையத் தொடங்கின. பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் விபு பிரகாஷ் என்ற பறவையியலார் இச்சரிவை முதலில் பதிவு செய்து 1999-ல் வெளியிட்டார். 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு நாட்டில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துபோயிற்று.

தொற்று நோயோ, பூச்சி மருந்தோ என்று பலவாறு ஐயுற்றனர். செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது குடலும் ஈரலும் வெண்மையான உப்புப் படிந்து சுண்ணாம்பு பூசியதுபோல இருந்தன. சிறுநீரகம் செயலற்று, யூரிக் அமிலம் உறுப்புகளின்மேல் படிந்துவிட்டது. பாகிஸ்தானில் ஆராய்ந்த லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2004-ல் காரணத்தைக் கண்டறிந்து வெளியிட்டனர். மாடுகளின் வலிக்கும் காய்ச்சலுக்கும் அப்போது மலிவாகக் கிடைத்த டைக்ளோபினாக் என்ற மருந்துதான் அது. மருந்து போட்ட சில நாளில் இறந்த மாட்டைத் தின்ற பாறு தானும் இறந்தது. இதில் நம்மைத் திடுக்கிட வைப்பது அதன் அளவு. நாட்டில் கிடக்கும் மாட்டுப் பிணங்களில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இம்மருந்து இருந்தாலே இத்தனை அழிவுக்கும் போதும் என்று கணக்கிட்டுக் காட்டினர். ஒரே பிணத்தைப் பல பாறுகள் பங்கிட்டு உண்ணும் வழக்கம் உள்ளவை என்பதை நினைத்தால் இது விளங்கும்.

மாட்டின் வலியைத் தணிக்க நினைத்தவர்கள் தீயவர்கள் அல்லர், இரக்கம் உள்ளவர்கள். அவர்கள் கையில் கிடைத்த மருந்து அது. 2006-ல் இந்திய அரசு கால்நடைகளுக்கான டைக்ளோபினாக்கைத் தடை செய்தது. ஆனால் மனிதருக்கான பெரிய குப்பிகள் கடையில் கிடைத்தன. அவை மாட்டுக்கும் போயின. 2015-ல் மனிதருக்கான ஊசி மருந்தையும் 3 மில்லிலிட்டர் கொண்ட சிறு குப்பியில்தான் விற்கவேண்டும் என்று விதித்தனர். இதை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2017-ல் தள்ளியது. பின்னர் 2023-ல் கீட்டோபுரோபென், அசிக்குளோபினாக் ஆகிய இரண்டும் கால்நடைக்குத் தடை செய்யப்பட்டன. அசிக்குளோபினாக்கைத் தடை செய்ததில் ஒரு நுட்பம் உண்டு: மாட்டின் உடலுக்குள் போனதும் அது டைக்ளோபினாக்காகவே மாறிவிடுகிறது. பெயரை மாற்றிக்கொண்டு வாசல் வழியே வந்து, உள்ளே வந்தபின் பழைய பெயரோடு உலவும் ஆசாமியைப் போன்றது.

ஆகவே, முதுகில் ஊற்றும் புளூனிக்சினை மேல்நாட்டார் பயன்படுத்துகிறார்களே, நாமும் பயன்படுத்தினால் என்ன என்று கேட்போருக்கு நாம் தயங்கியே விடை கூறவேண்டியிருக்கிறது. ஸ்பெயின் நாட்டில் 2012-ல் இறந்து கிடந்த ஒரு கழுகின் உடலில் புளூனிக்சினும், டைக்ளோபினாக்கால் இறந்தவற்றில் கண்ட அதே வெண்படிவும் காணப்பட்டன. அமெரிக்க மாட்டுப் பண்ணைகளில் மாடு இறைச்சிக் கூடத்துக்குச் செல்கிறது. அங்கே 8 நாள் கணக்கு நடக்கும். நம் நாட்டில் மாடு பெரும்பாலும் முதுமையிலோ நோயிலோ தானே இறக்கிறது, வெளியில் போடப்படுகிறது. பிக்கானீருக்கு அருகே ஜோர்பீர் என்ற இடத்தில் இன்றும் பிணங்களை நாடிப் பாறுகளும் கழுகுகளும் வந்து குவிகின்றன. நோயுற்று, மருந்து பெற்று, அந்நோயாலேயே மறுநாள் இறந்த மாட்டுக்கு எந்தக் காத்திருப்புக் காலமும் இல்லை.

பாறுக்குத் தீங்கு செய்யாதது என்று சோதித்து அறியப்பட்ட வலி மருந்துகளும் உண்டு. முதலாவது, நாம் முன்னே கணக்குப் போட்டுப் பார்த்த மெலாக்சிகாம். இதன் சோதனை முடிவுகள் 2006-ல் வெளிவந்தன. மற்றொன்று டால்ஃபனாமிக் அமிலம். இஜத் நகரிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தாரும் பங்குகொண்ட ஆய்வு இதை 2022-ல் உறுதி செய்தது. ஹரியானாவில் பிஞ்சூரில் உள்ள பாறு வளர்ப்பு மையம் இத்தகைய முயற்சிகளில் உறுதுணையாக இருந்து வருகிறது. தெற்கே நீலகிரியை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் கூடு கட்டும் வெண்முதுகுப் பாறுகளுக்கும் இம்மருந்துகள் பரவுவதே பாதுகாப்பு.

கையளவு பிளாஸ்திரியில் 200 மில்லிகிராம் மெலாக்சிகாமைத் தோலின் வழியே கடத்த முடியாது என்று முன்னே கூறினோம். அந்தத் தடையை உடைக்க ஒரு வழியை அமெரிக்காவில் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து வருகின்றனர். செங்கல்லுக்கும் சாந்துக்கும் இடையே மருந்து ஊறிச் செல்லக் காத்திராமல், சுவரில் சிறு துளைகள் இட்டுவிடுவது அந்த வழி. பிளாஸ்திரியின் உட்புறத்தில் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் நுண்ணிய முட்கள் வரிசையாக இருக்கும். இறால் ஓடு, நண்டு ஓடு ஆகியவற்றிலிருந்து பெறும் கைட்டோசான் என்ற பொருளால் அம்முட்களைச் செய்து, அதனுள் மெலாக்சிகாமைப் பொதிகின்றனர். அழுத்தி ஒட்டினால் முட்கள் செத்த படலத்தைத் துளைத்து நிற்கும். நரம்பு நுனிகள் உள்ள ஆழத்துக்கு அவ்வளவாகச் செல்லாததால் ஊசி குத்தியது போன்ற வலி இராது. பின்னர் உள்ளிருக்கும் மருந்து சில நாட்களுக்குச் சிறிது சிறிதாக வெளிவரும். ஒரு பிளாஸ்திரியில் எவ்வளவு மருந்து கொள்ளும் என்ற கணக்கு இங்கும் முழுதும் தீர்ந்துவிடவில்லை. பெரிய பசுவைக் காட்டிலும் சிறு கன்றுக்கே இது முதலில் பொருந்தும் என்று தோன்றுகிறது. ஐம்பது கிலோ கன்றுக்கு 25 மில்லிகிராம் போதுமல்லவா?

கன்றுக்குத்தான் தேவையும் மிகுதி. கொம்புக் குருத்தைத் தீய்க்கும் முன் நரம்பருகே மரத்துப்போகும் ஊசி போடுவதுண்டு. அந்த மரப்பு ஒன்றிரண்டு மணி நேரமே நிற்கும். சுட்ட காயமோ அதற்குப் பின்னும் நெடுநேரம் எரியும். மருத்துவர் வீடு திரும்பிய பிறகு வலி தொடங்குகிறது என்று சொல்லிவிடலாம். ஒருமுறை ஒட்டிவிட்டுப் போனால் இரண்டு மூன்று நாள் தானே வேலை செய்யும் பொருள் வேண்டியிருப்பது இங்கேதான்.

இவ்வகை வேலைகளைச் சட்டம் எவ்வாறு பார்க்கிறது என்பதையும் தொட்டுச் செல்வோம். மாநிலங்களவையில் உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த மசோதாவே, 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்து. அச்சட்டத்தின் வழி 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். ஆனால் அதே சட்டம், குறித்த முறைப்படி செய்யப்படும் கொம்பு நீக்கல், காயடித்தல், சூடு போடுதல், மூக்கணாங்கயிறு இடுதல் ஆகியவற்றைக் குற்றத்திலிருந்து விலக்கி வைத்தது. "குறித்த முறை" எது என்பது நெடுங்காலம் குறிக்கப்படாமலே கிடந்தது. 2023-ல் வெளியான விதிகளே இவ்வேலைகளைப் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர், உணர்வு நீக்கும் மருந்து கொடுத்துச் செய்யவேண்டும் என்று கூறின. அறுபது ஆண்டு தாமதம் என்று குறைகூறுவதைக் காட்டிலும், இனி அவ்விதி எத்தனை தொழுவங்களை எட்டும் என்று கேட்பது பயனுள்ளது.

வட நாட்டில் வாழும் நம்மவர் பலர் கோசாலைகளுக்குப் பொருளுதவி செய்கிறார்கள்; சிலர் மருந்தும் வாங்கித் தருகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வீட்டு அலமாரியில் முதுகுவலிக்கென வைத்திருக்கும் களிம்பிலும் பிளாஸ்திரியிலும் என்ன மருந்து இருக்கிறது என்று பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் டைக்ளோபினாக் என்றே எழுதியிருக்கும். நொண்டும் கிழ மாட்டின்மேல் இரக்கப்பட்டு அதை எடுத்துப் பூசவேண்டாம். கோசாலைக்குக் கொடுத்துவிடவும் வேண்டாம். வாங்கித் தருவதாயின் அங்குள்ள மருத்துவரைக் கேட்டு, மெலாக்சிகாமையோ டால்ஃபனாமிக் அமிலத்தையோ வாங்கித் தருக. பால் கறக்கும் பசுவாயின், எத்தனை வேளைப் பாலை விலக்கவேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டறிக.

முட்பிளாஸ்திரியைச் சோதிக்க ஆர்கன்சா ஆய்வாளர்கள் தேர்ந்துகொண்ட இடம் மாட்டின் காது. காரணம் எளியது. தன் காதைத் தானே நக்கக்கூடிய மாடு இல்லை. டில்லித் தெருக்களில் திரியும் மாடுகளின் காதில் பன்னிரண்டு இலக்க எண் பொறித்த மஞ்சள் வில்லை தொங்குவதை நாம் பார்க்கிறோம்; வில்லை மாட்டப் பிடிக்கும் அதே நேரத்தில் பிளாஸ்திரியையும் ஒட்டிவிடலாம். ஆனால் அச்சோதனைகள் அறுத்தெடுத்த காதில் நடந்தவை. ஆய்வுக் கூடத்துக் காது அசையாது. தொழுவத்துக் காது ஈ விரட்டும், கம்பத்தில் உராயும், மழையில் நனையும், பக்கத்துக் கன்றின் நாக்குக்கும் எட்டும். அங்கே மூன்று நாள் ஒட்டிக்கொண்டிருக்குமா என்பதை இனிமேல்தான் பார்க்கவேண்டும். மெலாக்சிகாம் மாட்டின் உடலில் ஒரு நாளுக்கு மேல் தங்கி வேலை செய்யும் மருந்து என்பது இதற்கிடையில் ஓர் ஆறுதல். கொம்பு தீய்க்கும் நாளில், மரத்துப்போகும் ஊசியோடு மெலாக்சிகாம் ஊசி ஒன்றையும் சேர்த்துப் போட்டுவிட்டால், அன்றிரவு அந்தக் கன்று படுத்து உறங்கும்.